தராசும் டம்ளரும்: அருப்புக்கோட்டை – திருச்சுழி வானம்பார்த்த பூமியில் கடையும் கிளப்பும்

வணிகவியல் பாடப் புத்தகம் இந்த இரண்டு தொழிலையும் வெகு சுலபமாகப் பிரித்துவிடும். சில்லறைக் கடை பண்டத்தை விற்கிறது. உணவகம் பண்டத்தோடு சேர்த்துச் சேவையையும் விற்கிறது. கணக்கு முடிந்தது. ஆனால் 'சேவை' என்கிற இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் உள்ளே என்ன கிடக்கிறது? இலை போடுவது, பரிமாறுவது, இலை எடுப்பது, மேசை துடைப்பது, டம்ளர் கழுவுவது. சுருக்கமாகச் சொன்னால் இன்னொருத்தர் வாய் வைத்ததைக் கையாளுவது. பலசரக்குக் கடையிலே எச்சில் கிடையாது. அங்கே நிறுத்து வாங்கி, பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு போய்விடலாம். கிளப்புக் கடையிலே உட்கார வேண்டும், வாய் வைக்க வேண்டும், மிச்சத்தை விட்டுவிட்டு எழுந்திருக்க வேண்டும். கடைக்கும் கிளப்புக்கும் நடுவே ஓடுகிற கோடு எச்சிலின் கோடு. சாதிச் சமூகத்தில் எச்சிலின் கோடு வெறும் சுகாதாரக் கோடாக இருக்க முடியாது. இதை மனதில் வைத்துக்கொண்டு அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டார ஏவார வரலாற்றைத் திரும்பப் படிக்கலாம்.

1

கரிசலும் செவலும் கலந்த மானாவாரிக் காடு இது. திருச்சுழியைத் தொட்டுக்கொண்டு கமுதிப் பக்கம் போகிற குண்டாற்றில் தண்ணீரைப் பார்க்கிற நாட்களைவிட மணலைப் பார்க்கிற நாட்களே அதிகம். பருத்தி, கம்பு, சோளம், குதிரைவாலி, மிளகாய், மல்லி எல்லாமே மேகத்தை நம்பிப் போடுகிற வெள்ளாமை. இப்படிப்பட்ட பூமியில் வெளிச்சரக்கு இல்லாமல் பிழைக்க முடியாது. உப்பு, கருவாடு, கருப்பட்டி, புகையிலை எல்லாம் வண்டியேறி வரவேண்டும். பருத்தி வண்டியேறிப் போகவேண்டும்.

அந்த வண்டிப் பாதையில் வளர்ந்தவர்கள் நாடார் ஏவாரிகள். ராமநாதபுரம் சீமையின் 'ஆறு ஊர்' என்று சொல்லப்பட்ட சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகியவற்றில் கடைசி இரண்டும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டிருக்கிற ஊர்கள். வண்டியும் சரக்கும் பத்திரமாகத் தங்கப் பேட்டை, சரக்குக்கு இவ்வளவு என்று தங்களுக்குள்ளே எடுத்துவைத்த மகமை, அதை நிர்வகிக்க உறவின்முறை. ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969ல் வெளியிட்ட நாடார்கள் பற்றிய நூல் இந்த ஏற்பாட்டை விரிவாகவே பேசுகிறது. மகமைப் பணம் கிணறாயிற்று, கோயிலாயிற்று, பள்ளிக்கூடமாயிற்று. தமிழ்நாட்டில் சில்லறை வணிகம் ஒரு சமூகத்தின் விடுதலைக்கான நிதியானதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

ஆனால் நாம் கேட்கவேண்டிய கேள்வி வேறு. ஏன் கடை? ஏன் கிளப் இல்லை? தாகமும் பசியுமாக வழிப்போக்கர்கள் நடந்த அதே பாதையில், சோறாக்கி விற்பதும் ஏவாரம்தானே?

பதிலை அண்டை ஊரான கமுதியில் தேடலாம். 1897 மே மாதம் அங்குள்ள மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி வழக்குப் போட்டார். கீழ்க்கோர்ட்டில் தோற்று, சென்னை ஹைகோர்ட்டில் தோற்று, கடைசியில் 1908ல் லண்டன் பிரிவி கவுன்சிலும் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னது. இடையிலே 1899ல் சிவகாசி எரிந்தது. இந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் அந்த வருஷங்களிலும் நாடார் கடையில்தான் உப்பும் கருப்பட்டியும் வாங்கினார்கள். சாமிக்கு ஏற்றுகிற சூடம்கூட அந்தத் தராசில் நிறுத்ததாக இருந்திருக்கும். சரக்கு உள்ளே போகலாம், சரக்கைத் தந்த ஆள் உள்ளே போகக் கூடாது. பச்சைப் பண்டம் ஆளின் தீட்டைச் சுமந்து செல்வதில்லை என்பது சாதி தனக்குத்தானே செய்துகொண்ட சௌகரியம். சமைத்த பண்டத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. சமைத்தவன் கை சோற்றோடு ஒட்டிக்கொண்டு வருகிறது என்பது நம்பிக்கை. கையை வெளியே நிறுத்தி வைக்கப்பட்டவர்கள், கை தெரியாத தொழிலான தராசைப் பிடித்தார்கள் என்று இதை வாசிக்க இடமிருக்கிறது.

பச்சைக்கும் சமைத்ததற்கும் உள்ள எதிர்மறையைத் தலைப்பாகவே வைத்து லெவி-ஸ்ட்ராஸ் 1964ல் ஒரு புத்தகம் எழுதினார். மதுரைப் பக்கம் பிரமலைக் கள்ளர் நடுவே 1949–50 வாக்கில் களப்பணி செய்த லூயி துய்மோன், 1966ல் சாதி பற்றி எழுதிய நூலில் இந்த வேறுபாட்டுக்கு முக்கியமான இடம் கொடுத்தார். இருவருக்கும் இது பெரும்பாலும் மனக் கட்டமைப்பின் சங்கதி. பேட்டைக்காரர்களுக்கோ இது முதல்போடுகிற சங்கதி. எந்தத் தொழிலில் பணத்தைப் போட்டால் ஊர் நம்மிடம் வாங்கும் என்கிற கேள்வி. தத்துவத்தைக் காசாக்கித்தான் அவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள்.

2

கடைக்கு இன்னொரு பலமும் உண்டு: கடன். வானம்பார்த்த பூமியில் சம்சாரி கையில் காசு புழங்குவது வருஷத்தில் சில வாரங்கள்தான். மற்ற நாளெல்லாம் சிட்டையில் பற்று எழுதித்தான் அடுப்பெரியும். பருத்தி வெடித்ததும், மிளகாய் பழுத்ததும் பற்று வரவாக மாறும். பல சமயம் பருத்தியே கடைக்குப் போய்விடும். கடைக்காரர் விற்பவர் மட்டுமில்லை. கடன் கொடுக்கிறவரும் விளைச்சலை வாங்குகிறவரும் அவரேதான். விலையைச் சொல்லுகிறவரும் அவர்தான் என்பதைச் சேர்த்துச் சொல்லவேண்டும். விடுதலைக்கான நிதி என்று மேலே சொன்னதன் மறுபக்கத்தில் சம்சாரியின் சிட்டை இருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காத வரலாறு சாதிப் பெருமைப் புராணமாகிவிடும்.

சாப்பாட்டுக்கடையால் இப்படி ஒரு வருஷக் கடனைத் தாங்க முடியாது. அரிசி மூட்டை நாளைக்கும் இருக்கும், ஆக்கின சோறு ராத்திரிக்குள் போகணும். கடையின் முதல் அலமாரியில் கிடக்கும். கிளப்பின் முதல் அன்றன்றைக்கு அடுப்பில் எரியும். அதனால் கிளப்புக் கடை தினக்காசும் வாரக்கூலியும் புழங்குகிற இடத்தில்தான் முளைக்கும். அருப்புக்கோட்டை நெசவு ஊர் என்பது இங்கே முக்கியம். தறி ஓடுகிற வீட்டில் பெண்ணும் பாவிலும் தாரிலும் மாட்டிக்கொண்டவள்தான். நெசவுக்கூலி புரளுகிற தெருவில் காலையில் இட்லிச் சட்டி வைத்தவளுக்கும் ஏவாரம் நடக்கும், டீக்கடைக்காரருக்கு வாரக் கணக்கும் நடக்கும். சம்சாரியின் ஊரில் பெட்டிக்கடை, கூலிக்காரரின் ஊரில் டீக்கடை என்று ஒரு தோராயக் கணக்குப் போடலாம்.

அந்த இட்லிக்காரியை எந்த வணிக வரலாறும் சேர்த்துக்கொள்வதில்லை. அவள் அரிசி உளுந்தைக் கடையில் கடனாக வாங்கி, தன் உழைப்பைச் சேர்த்து, தெருவில் எண்ணி விற்கிறாள். அவள் சில்லறை வியாபாரியா, உணவகமா? வீட்டில் கூலியில்லாமல் செய்கிற வேலையைத் திண்ணைக்குக் கொண்டுவந்ததும் அது காசானது. அதே வேலை கூரையும் பலகையும் போட்ட கிளப்பானதும் மாஸ்டர், சப்ளையர் என்று ஆண்கள் கைக்குப் போய்விட்டது. பெண்ணுக்கு மாவாட்டுவதும் பாத்திரம் விளக்குவதும் மிஞ்சின.

3

விற்கப்படுவதற்கு முன்னால் சோறு கொடுக்கப்பட்டது. சேதுவுக்குப் போகிற பாதையெல்லாம் சேதுபதிகள் கட்டிய சத்திரங்கள் இருந்தன. பின்னாளில் ரமணர் என்று அறியப்பட்டவர் 1879ல் பிறந்த திருச்சுழி வீட்டில், அவருடைய தகப்பனார் சுந்தரமய்யர் வழிப்போக்கர்களுக்குச் சோறுபோட்டவர் என்று அவருடைய வரலாறுகள் சொல்கின்றன. சோற்றை விற்பது இழுக்கு என்கிற நினைப்பு நெடுநாள் இருந்தது. ஆனால் கொடுத்த சோற்றிலும் பந்தி உண்டு, பந்தியில் வரிசை உண்டு. இலவசம் என்பதால் அது எல்லாருக்கும் பொதுவாகிவிடவில்லை.

காசு கொடுத்தால் யாருக்கும் சோறு என்று கிளப் வந்தபோது, கொள்கையளவில் அது சத்திரத்தைவிடப் பெரிய ஜனநாயகம். காசுக்குச் சாதி தெரியாது என்று முதலாளியம் சொல்லிக்கொள்ளும். நடந்தது என்ன? காப்பி கிளப்புகளில் பிராமணருக்குத் தனி இடம் வந்தது. 'பிராமணாள்' என்று பலகை வந்தது. 1957ல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் பெரியார் நடத்திய கிளர்ச்சி அந்தப் பலகையை எதிர்த்துத்தான். இங்கே ஒன்றைக் கவனிக்கலாம். 'பிராமணாள் பலசரக்குக் கடை' என்று பலகை மாட்டி யாரும் மிளகு சீரகம் விற்றதாக நாம் கேள்விப்பட்டதில்லை. பலகை கிளப்புக்குத்தான் தேவைப்பட்டது. அங்கேதான் கை விற்கப்பட்டது.

கிராமத்து டீக்கடை இதையே பலகை இல்லாமல் செய்தது. ஒரு பக்கம் பெஞ்சு, மறுபக்கம் தரை. ஒருத்தருக்குக் கிளாஸ், இன்னொருத்தருக்குச் சிரட்டையோ தனி டம்ளரோ. குடித்தவரே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகணும். ஒரே பால், ஒரே தேயிலை, ஒரே காசு. பண்டம் சமம். வேறுபட்டதெல்லாம் 'சேவை'தான். தலித்துக்கு டீ விற்கப்பட்டது, பரிமாறப்படவில்லை. அதாவது அவருக்கு மட்டும் அது டீக்கடையில்லை, சில்லறைக் கடை! ஒரே கூரைக்குக் கீழே ஒரு சாதிக்கு உணவகமாகவும் இன்னொரு சாதிக்குச் சரக்குக் கடையாகவும் இயங்குகிற இந்த ரெட்டை நிறுவனத்தை எந்த வணிகவியல் புத்தகம் வகைப்படுத்தும்?

சட்டம் இதைப் புரிந்துவைத்திருந்தது. 1950ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனத்தின் 15ஆவது பிரிவு கடைகளையும் பொது உணவகங்களையும் ஓட்டல்களையும் ஒரே மூச்சில் சொல்லி, நுழைவதற்குத் தடை கூடாது என்கிறது. 1955ஆம் வருஷத் தீண்டாமை குற்றச் சட்டமோ ஒரு படி மேலே போயிற்று. கடைக்கு நுழையும் உரிமை போதும். உணவகத்துக்கு அது போதாது, அங்கே பொது உபயோகத்துக்கு வைத்த பாத்திரங்களைப் பயன்படுத்தும் உரிமையையும் தனியாக எழுதவேண்டியிருந்தது. 1976ல் சட்டத்தின் பெயர் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று மாறியது. டம்ளரைப் பற்றிய வாசகம் அப்படியே இருக்கிறது. ஒரு தேசத்தின் சட்டம் டம்ளரைப் பற்றிப் பேச நேர்ந்ததே, அதைவிடப் பெரிய சமூகவியல் ஆவணம் எது?

இதையும் சொல்லிவிட வேண்டும். கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட வரலாறு ஒரு சாதிக்கு இருப்பதாலேயே அது அடுத்தவருக்குச் சமமான டம்ளர் கொடுத்துவிடாது. ரெட்டை டம்ளர் வைத்தவர்களில் இடைநிலைச் சாதியார் எல்லாரும் உண்டு. பட்ட அவமானம் தானாகவே அறமாக மாறுவதில்லை.

4

இரண்டு தொழிலும் ஒன்றோடொன்று கலக்கிற இடங்களும் இங்கே உண்டு. சேவுக்கடையை எடுத்துக்கொள்வோம். சாத்தூர்க் காராச்சேவு தமிழ்நாடெல்லாம் தெரிந்த பெயர். கருப்பட்டி மிட்டாயும் அப்படித்தான். இது சமைத்த பண்டம், ஆனால் தராசில் நிறுத்து விற்கிற பண்டம். எண்ணெயில் வெந்ததால் நாலு நாள் தாங்கும், ஊர் கடக்கும். உட்கார வேண்டாம், இலை வேண்டாம், எச்சில் கிடையாது. பொட்டலமாகக் கட்டியதும் செய்த கை மறைந்துவிடுகிறது. கடைக்கும் கிளப்புக்கும் நடுவே சேவு ஒரு பாலம். சமைத்ததற்கு இருந்த தடையைச் சுற்றிக்கொண்டு போக எண்ணெயும் தராசும் வழி தந்தன.

பாலத்தைக் கடந்தவர்களும் உண்டு. தென்மாவட்டத்துப் புன்னையடியிலிருந்து சென்னைக்குப் போய் கே.கே. நகரில் மளிகைக்கடை வைத்திருந்த பி. ராஜகோபால் 1981ல் அங்கேயே சரவண பவனைத் தொடங்கினார். கொலை வழக்கில் ஆயுள் தண்டனை உறுதியாகி 2019ல் இறந்தது அவர் கதையின் முடிவு. நமக்கு இங்கே வேண்டியது தொடக்கம். நாடார் ஒருவர் நடத்துகிற சைவச் சாப்பாட்டுக்கடையில் எல்லாச் சாதியாரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். 1908ல் கோயிலுக்குள் கூடாதென்ற கை, முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகு இலையில் பரிமாறியது. இதைச் சாதி ஒழிந்ததற்குச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் சேர்ந்தால் கை சுத்தமாகிவிடும் என்பதற்குச் சான்று. முதல் சேராத கை?

5

அந்தக் கேள்விக்கு அரசாங்கத்தின் அடுப்படி பதில் சொல்கிறது. அரசும் ஒரு கடைக்காரர்தான், ஒரு கிளப்புக்காரர்தான். 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் சமைத்த சோறு போடுகிற முகாம்களுக்குப் போகச் சாதி பார்த்துத் தயங்கியவர்கள் இருந்தார்கள். 1956ல் விருதுபட்டித் தேங்காய் ஏவாரி மகன் காமராஜர் முதல்வராக இருந்தபோது பள்ளி மதிய உணவு வந்தது. 1977ல் அருப்புக்கோட்டைத் தொகுதியில் ஜெயித்து முதல்வரான எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1ஆம் தேதி சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். ஒரு பக்கம் ரேஷன் கடை, மறுபக்கம் சத்துணவுக் கூடம். அரிசி ஒன்றுதான்.

ரேஷன் கடையில் எடை போட்டவர் என்ன சாதி என்று கேட்டு அரிசியைத் திருப்பிக் கொடுத்தவர் யாருமில்லை. ஆனால் 2018ல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் தலித் பெண் ஒருவர் சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதிப் பெற்றோர் திரண்டார்கள். மாற்றல் உத்தரவும் போடப்பட்டது, எதிர்ப்பு எழுந்தபின் அது ரத்தானது. அதே அரிசி உலையேறியதும் சாதியேறிவிடுகிறது.

சரி, அப்படியானால் கடை என்பது நடுநிலையான இடம் என்று சொல்லிவிடலாமா? முடியாது. 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில் மிட்டாய் வாங்க வந்த தலித் பிள்ளைகளிடம், ஊர்க் கட்டுப்பாடு, இனிமேல் தரமாட்டோம் என்று பெட்டிக்கடைக்காரர் சொன்ன காட்சியைத் தமிழ்நாடு பார்த்தது. அங்கே தீட்டு பிரச்சினையில்லை, மிட்டாய்க்குத் தீட்டில்லை. அது பட்டினி போடுகிற அதிகாரம். கிளப்பில் சாதி டம்ளர் வழியே பேசுகிறது. கடையில் கதவடைப்பு வழியே பேசுகிறது. கடன் சிட்டையை மூடிவிட்டால் போதும். 1955ஆம் வருஷச் சட்டம் பண்டம் விற்க மறுப்பதையும் சேவை தர மறுப்பதையும் சேர்த்தே குற்றம் என்று எழுதியதற்கு அர்த்தம் இருக்கிறது.

6

அரசின் வரிக்காரர்களும் இதே கோட்டில்தான் தடுமாறினார்கள். 1978ல் வட இந்தியக் கேட்டரர்ஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட், உணவகத்தில் உட்கார வைத்துச் சாப்பாடு போடுவது பண்ட விற்பனையல்ல, சேவை என்று சொல்லி விற்பனை வரியைத் தடுத்தது. 1982ல் சாசனத்தின் 46ஆவது திருத்தம் அதையே விற்பனையாகக் கருத வழி செய்தது. 2017 ஜூலையில் வந்த ஜி.எஸ்.டி. மறுபடி அதைச் சேவை என்றது. சிறிய வியாபாரிகளுக்கான இணக்கத் திட்டத்தில் அப்போது கடைக்காரருக்கு நூற்றுக்கு 1, உணவகத்துக்கு 5. நாற்பது வருஷத்தில் ஒரு தட்டு இட்லி சேவையாகி, பண்டமாகி, மறுபடி சேவையாகியிருக்கிறது. தொழிலாளர் சட்டமும் பிரித்தது. 1947ஆம் வருஷக் கடைகள் நிறுவனங்கள் சட்டம் போதாதென்று 1958ல் உணவு நிறுவனங்களுக்குத் தனிச் சட்டம் வந்தது. 2021ல்தான் கடைச் சட்டத்தில் ஊழியருக்கு உட்கார இருக்கை வேண்டும் என்ற திருத்தம் சேர்ந்தது. வாங்க வந்தவரும் சாப்பிட வந்தவரும் உட்காருவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த நாம், நின்றுகொண்டே இருந்தவரை இவ்வளவு தாமதமாகத்தான் பார்த்தோம்.

இப்போது கோடு வேறு விதமாக அழிந்துகொண்டிருக்கிறது. பேக்கரியில் கேக்கை நிறுத்தும் விற்கிறார்கள், டீயை ஆற்றியும் கொடுக்கிறார்கள். கிளப்புக் கடையின் ஏவாரத்தில் பாதி பார்சலாகப் போகிறது. பார்சல் என்பது கிளப் தன்னைச் சில்லறைக் கடையாக மாற்றிக்கொள்வது. டீக்கடையில் காகிதக் கப் வந்தது, ரெட்டை டம்ளர் பல இடங்களில் போயிற்று. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் மற்றவர்களுக்குக் கண்ணாடிக் கிளாஸ், தலித்துக்கு மட்டும் தூக்கியெறிகிற கப் என்று அது வேறு உருவில் திரும்பி வந்ததைக் கள ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன. எல்லாருக்கும் காகிதக் கப் என்று ஆன இடத்திலும் ஒன்றைக் கேட்கவேண்டியிருக்கிறது. ஒருத்தர் வாய் வைத்த டம்ளரைக் கழுவி இன்னொருத்தர் வாய் வைப்பதற்குப் பதிலாக, டம்ளரையே ஒழித்துவிட்டோம். சட்டம் கேட்டது பொதுப் பாத்திரத்தை. நாம் கொடுத்தது பாத்திரமில்லாத பொதுவை.

டீக்கடைகளைக் கணக்கெடுக்கப் போகிற தோழர்கள் இதுவரை எத்தனை டம்ளர் என்று எண்ணினார்கள். அந்த எண்ணிக்கை தேவையாகத்தான் இருந்தது. இனிமேல் இன்னும் சில கேள்விகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்: அடுப்புக்கு முன்னால் நிற்கிறவர் யார்? கல்லாவில் உட்கார்ந்திருக்கிறவர் யார்? இலை எடுக்கிற கை யாருடையது? இந்த ஊரில் ஒரு தலித் கிளப்புக் கடை வைத்தால், அடுத்த தெருக்காரர் பார்சல் வாங்காமல் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவாரா? பலசரக்குக் கடை மாதிரி வெறும் பண்டக் கணக்கோடு இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைக்காது. உட்கார்ந்து, வாய் வைத்து, மிச்சத்தை விட்டு எழுந்திருக்கிற இடத்தில்தான் கிடைக்கும்.